மீன் விற்கிறவளும் மீனவர்தான்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கரையோர மகளிர் குழுக்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு.

அக்கா, வீட்டுக்காரர் படகில் போகிறார். மீனை விற்பதும், மிஞ்சியதைக் கருவாடு போடுவதும் நான். கணக்கெடுக்க வந்தவர் எனக்கு 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டுப் போனார். நான் மீனவர் இல்லையா? (நாகப்பட்டினம்)

நீங்களும் மீனவர்தான் தங்கச்சி. உலக உணவு வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கைப்படி, மீன்பிடிப்பிலும் வளர்ப்பிலும் பெண்கள் 24%; பிடித்ததைப் பதப்படுத்தும் வேலையில் 62%. படகில் ஏறுவதை மட்டும் தொழில் என்று எண்ணினால் உங்கள் உழைப்பு கணக்கிலேயே வராது. மகளிர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பெயரில் சேருங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 தருகிறது. தொகை சிறிதுதான். ஆனால் மீனவர் என்று உங்கள் பெயரிலேயே ஒரு பதிவு வேண்டும், அதற்காகவே சொல்கிறேன்.

நாங்கள் கடல்பாசி எடுக்கப் போனால் கடலை அழிக்கிறோம் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (பாம்பன்)

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு முன்பே உங்கள் அம்மாக்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு அங்கே முங்கிப் பாசி எடுத்தவர்கள். சட்டப்படி தீவுப் பக்கம் போகத் தடை இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் மாதம் 12 நாள்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டதும் இதே பெண்கள்தான். இந்தக் கடலைக் காத்ததற்காகத்தான் 2015-இல் உங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை ஊர்த் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, வனத்துறையிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சை விடக் காகிதம் நிற்கும்.

தெப்பம் கட்டிப் பாசி வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், சுமார் 45 நாளில் அறுவடை. பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பெண்களுக்கு 60% மானியம் உண்டு, பொதுப் பிரிவு ஆண்களுக்கு 40% தான். ஒரு கவலையும் இருக்கிறது. இங்கே வளர்க்கும் கப்பாபைகஸ் வெளியிலிருந்து வந்த பாசி. குருசடைத் தீவில் பவளப்பாறை மேலேயே படர்ந்திருக்கிறது. அதனால் பாறையை விட்டுத் தள்ளித் தெப்பம் போடுங்கள். அப்புறம், தெப்பமும் விற்ற பணமும் யார் பெயரில் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மானியம் பெண் பெயரில், வங்கி அட்டை வீட்டுக்காரர் பையில் என்று நிறையப் பார்த்துவிட்டேன்.

தண்டல்காரரிடம் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் தினமும் மீன் எடுக்கிறேன். வேறு வழி? (தூத்துக்குடி)

நகரத்துக்குள் விற்கிறீர்கள் என்றால் நீங்கள் தெரு வியாபாரி. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் அடையாள அட்டை கேளுங்கள். அது இருந்தால் தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கேட்கலாம். தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

கூடையோடு ஏறினால் நாறுகிறது என்று பஸ்ஸில் இறங்கச் சொல்கிறார்கள். (கன்னியாகுமரி)

இறங்காதீர்கள் அம்மா. 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மீன்காரப் பாட்டியை அப்படி இறக்கிவிட்டதற்காக ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பஸ் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே சங்கத்தில் சொல்லிப் புகார் கொடுங்கள். கூட நாங்களும் வருகிறோம்.