பென்சிலுக்கு முன்னால் என்ன? ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பதில்கள்

ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு), டிசிடி (உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் சிக்கல்) உள்ள பிள்ளைகள் எழுதுவது, பட்டன் போடுவது, சாப்பிடுவது போல கையால் செய்யும் வேலைகள் பற்றிக் கேளுங்கள். மருந்து பற்றி வேண்டாம், அது டாக்டர் வேலை.

மகனுக்கு மூன்றரை வயது, ஆட்டிசம். பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான். எல்கேஜி மிஸ் தினமும் புகார்.

மூன்று விரல் பிடி பல பிள்ளைகளுக்கு நாலு வயதிலிருந்து ஆறுக்குள்தான் படியும். இவனுக்கு இன்னும் தாமதமாகலாம். சுவரில் கரும்பலகை மாட்டி, சுண்டுவிரல் நகம் அளவு சாக்பீஸ் துண்டு கொடுங்கள். நின்று எழுதினால் மணிக்கட்டு தானே பின்னால் வளையும், துண்டு சின்னதென்றால் முஷ்டியில் நிற்காது. பட்டாணி உரிக்க, முருங்கைக்கீரை உருவ விடுங்கள். நாலு வயதுக்கு முன் பென்சிலைத் திணிக்காதீர்கள்.

விரல் பலத்துக்கு அமுக்கும் ஸ்குவீஸ் பந்து எந்தக் கம்பெனியுடையது நல்லது?

சப்பாத்தி மாவு.

எட்டு வயது மகள், ஏடிஹெச்டி. வாயால் எல்லாம் சொல்வாள், எழுதினால் கோழி கிண்டின மாதிரி. சட்டைப் பட்டனும் போட வராது. சோம்பேறித்தனமா சார்?

இல்லம்மா. டிசிடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு உண்டு, ஏடிஹெச்டி உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதுவும் சேர்ந்து வரும். விரலில் பலம் ஏற்றினால் எழுத்து வந்துவிடும் என்பது தப்புக் கணக்கு. பட்டன் வர வேண்டுமா, பட்டனையே பழக்குங்கள். சட்டையை மேஜையில் விரித்து, கண்ணுக்குத் தெரியும் கீழ்ப் பட்டனில் தொடங்குங்கள். எங்கே சிக்குது, அடுத்து என்ன செய்யலாம் என்று அவளே சொல்லட்டும். கனடாவில் ஹெலன் பொலட்டாய்கோ குழுவினர் உருவாக்கிய கோ-ஆப் முறையின் சாரமே இதுதான்: இலக்கு, திட்டம், செய், சரிபார்.

பரீட்சைச் சலுகையையும் இப்போதே யோசியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (வாசிப்பு, எழுத்து, கணக்கில் வரும் சிக்கல்) இருக்கின்றன, டிசிடி தனியாக இல்லை. அதனால் கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

நாலு வயது ஆகவில்லை, கர்சிவ் நோட்டு வாங்கலாமா?

முதல் பதில்.

ஐந்து வயது, ஆட்டிசம். இடதுகையால் எழுதுகிறான். மாமியார் மாற்றச் சொல்கிறார்.

மாற்றாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் இடதுகைக்காரர்களும், இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களும் மற்றவர்களைவிட அதிகம். ஒரு கை நிலைப்பதற்கே தாமதமாகும், நிலைத்த கையையும் பிடுங்கினால் எப்படி? தாளை இடப்பக்கம் வைத்து, மேல்பாதி வலப்பக்கம் சாயத் திருப்பிக் கொடுங்கள்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னை ஸ்கேலால் அடித்துத்தான் மாற்றினார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன்?

இருக்கிறீர்கள் ஐயா, சந்தோஷம். அடி இல்லாமலும் இருந்திருப்பீர்கள்.

அப்போ சோற்றுக்கை? பந்தியில் இடதுகையால் சாப்பிட்டால் நாலு பேர் பார்ப்பார்களே?

இதற்குத்தான் காத்திருந்தேன். பிசைந்து சாப்பிடுவதற்கு எழுத்தளவு நுணுக்கம் வேண்டாம். அவன் முரண்டு பிடிக்காவிட்டால் வலதுகையில் பழக்கிப் பாருங்கள், பாட்டிக்கும் திருப்தி. அழுதால் விட்டுவிடுங்கள். பந்தியில் பார்க்கிற நாலு பேரா அவனுக்குப் பரீட்சை எழுதப் போகிறார்கள்?

'அ' எழுதவே வரவில்லை.

சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒன்றாக வரும் எழுத்து அது. ட, ப, ம-வில் தொடங்குங்கள்.

மூணு வயசு, பென்சில் பிடிக்க மாட்டேங்கிறான்...

நாலு. நாலு வயது. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

போன மாதம்வரை கரண்டி பிடித்துச் சாப்பிட்ட மகள், இப்போது பிடிப்பதே இல்லை.

தெரபிக்கு வராதீர்கள். வந்த திறமை போனால் முதலில் குழந்தை நரம்பியல் டாக்டர். நாளைக்கே போங்கள்.