குளக்கரை இறகுகளும் வாத்துகளின் இறகுதிர்வும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தை ஒட்டிய ஏலாவில் (வயல்வெளியில்) இரண்டு பூ (போகம்) நெல் பயிரிடுகிறேன், வாத்துகளும் வளர்க்கிறேன். முதல் போகமான கன்னிப்பூ அறுவடைக்குப் பின் நெல்தாளில் மேயவிட்ட வாத்துகள் இறகு உதிர்க்கின்றன, முட்டையும் குறைந்துவிட்டது. இதே சமயம் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கியுள்ள குளக்கரையிலும் இறகுகள் கிடக்கின்றன. அவற்றிடமிருந்து நோய் தொற்றியிருக்குமோ?

பதில்: தாங்கள் எழுதியுள்ள அறிகுறிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், இது நோயைவிட இயல்பான இறகுதிர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முழுதும் வளர்ந்த இறகு நகத்தைப் போல உயிரற்ற பொருள். கிழிந்தாலோ தேய்ந்தாலோ அதைச் சரிசெய்ய வழியில்லை, உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கச் செய்வதொன்றே வழி. சிறகில் இடைவெளி விழுந்தால் பறப்பதற்கு வலு கூடுதலாகச் செலவாகும் என்பதால், வலசைப் பறவைகள் நெடும்பயணத்தையும் சிறகிறகு மாற்றத்தையும் பெரும்பாலும் ஒரே காலத்தில் வைத்துக்கொள்வதில்லை.

இதிலும் இனத்துக்கு இனம் வழக்கம் வேறு. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே, இனப்பெருக்கம் செய்யும் நிலங்களிலேயே, சிறகிறகுகள் அனைத்தையும் ஒருசேர உதிர்த்து, ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்கள் பறக்க இயலாமல் நாணலுக்குள் ஒதுங்கியிருந்து, புதுச் சிறகுடன்தான் தெற்கே புறப்படுகின்றன. ஐப்பசியில் ஆண் பறவைகள் பெட்டையைப் போல மங்கலாகத் தெரிவது நோயால் அன்று. அவற்றின் உடலிறகுகள் இன்னும் மாறி முடியவில்லை, அவ்வளவே. மாறாக, நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளங்களிலும் மணக்குடிக் காயலிலும் மேயும் கொசு உள்ளான் போன்றவற்றில் வளர்ந்த பறவைகள் இங்கு வந்த பிறகே, இரு சிறகிலும் ஒரே வரிசையில், ஒன்றிரண்டாகச் சிறகிறகுகளை மாற்றுகின்றன. ஆகவே கரையில் கிடப்பவை உள்ளான்களுடையவையாகவோ, உள்ளூர்க் கொக்கு, நீர்க்காகங்களுடையவையாகவோ இருக்கலாம்.

ஓர் இறகை எடுக்கும்போது கையுறை அணிந்துகொண்டு அதன் அடித்தண்டைப் பாருங்கள். உலர்ந்து, வெண்மையாக, உள்ளே வெறுமையாக இருந்தால் அது தானாக உதிர்ந்தது. தண்டு மென்மையாகவும் கருநீலமாகவும் இருந்து இரத்தம் கசிந்தால், வளரும் நிலையிலேயே பிடுங்கப்பட்டது. நாயோ பருந்தோ தாக்கியிருக்கக்கூடும். இறகின் குறுக்கே கண்ணாடிபோல் மெலிந்த கோடுகள் தெரிந்தால், அது வளர்ந்த நாட்களில் பறவை இரை குறைந்தோ பெருந்தொல்லைக்கு ஆளாகியோ இருந்திருக்கிறது; அந்த இடத்தில்தான் இறகு முதலில் ஒடியும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறகு நன்றாக இருப்பதால் பறவை நோயற்றது என்று முடிவு கட்டக்கூடாது. நீர்ப்பறவைகள் பறவைக் காய்ச்சல் கிருமியை வெளியே ஒரு குறியும் தெரியாமலே சுமக்க வல்லவை. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் குட்டநாட்டில் 2014 நவம்பரில் வாத்துகள் இந்நோய்க்குப் பலியானதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். எனவே வாத்துகளைக் குளத்தில் இறக்காமல் ஏலாவிலேயே மேய்த்து, குடிநீரைத் தனியே கொடுங்கள். திடீர்ச் சாவு, கழுத்து முறுக்கல், தலைவீக்கம், பச்சை நிறக் கழிச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், இறந்ததைத் தொடாமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

தங்கள் வாத்துகளின் முட்டை குறைந்ததற்கும் காரணம் இறகுதிர்வேயாகலாம். இறகு ஏறக்குறைய முழுவதும் புரதமே. கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அதற்கு மிகுதியாக வேண்டும். அந்தப் புரதம் இறகுக்குப் போகையில் முட்டை நின்றுவிடும். தாளில் சிந்திய நெல்லில் மாவுச்சத்துதான் மிகுதி. ஆதலால் உப்பு நீக்கிய மீன்கழிவையோ மீன்தூளையோ தீவனத்தில் சேர்த்து, புதுக் குருத்திறகுகள் விரியும்வரை வாத்துகளைக் கூட்டமாக ஓட்டாமலும் அடிக்கடி பிடிக்காமலும் இருங்கள். குருத்து ஒடிந்தால் இரத்தம் கொட்டும்.

இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடையாகும் மாசி, பங்குனியில்தான் விருந்துப் பறவைகள் உடலிறகை மாற்றிக்கொண்டு, திரும்பும் பயணத்துக்குக் கொழுப்பும் சேர்க்கின்றன. அதற்கு அவற்றில் பல நம்பியிருப்பது சேற்றுப் புழுக்களையும் பூச்சிகளையும்தான். ஆகையால் குளத்தை ஒட்டிய வரப்புகளில் பூச்சிமருந்தைத் தவிர்த்தால் நல்லது. நாற்றைக் கொத்திப் பிடுங்குவது பெரும்பாலும் இங்கேயே குடியிருக்கும் நீலத்தாழைக்கோழிதான்; அதன் பழியையும் விருந்தாளிகள் தலையில் சுமத்திப் பட்டாசு கொளுத்துவோர் இருக்கிறார்கள். தாங்கள் அதைச் செய்ய வேண்டாம்.