இருபத்தொரு பட்டியல்களில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பலெர்மோவில் பல ஆண்டுகளாக வீட்டுப் பணி செய்து வருகிறேன். இத்தாலிய மொழியைப் பேசிச் சமாளிக்கிறேன். ஆனால் குடியுரிமை விண்ணப்பத்துக்கு பி1 நிலைச் (இடைநிலை மொழித்திறன்) சான்றிதழ் வேண்டும். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வினைச்சொல்லுக்கே பக்கம் பக்கமாகப் பட்டியல். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? இன்னொன்று: “பஸ்ஸாத்தோ ரெமோத்தோ” என்ற இறந்தகாலம் கதைப் புத்தகங்களில் மட்டும்தான் வரும் என்று புத்தகம் சொல்கிறது. இங்கே சந்தையில் தினமும் காதில் விழுகிறதே?

பதில்: மனப்பாடம் வேண்டாம். ஆனால் பட்டியல்களை ஒதுக்கிவிடவும் முடியாது. 2018-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு பி1 கட்டாயம். அதில் எழுத்துத் தேர்வும் உண்டு என்பதால் பேச்சில் விழுங்கிவிடும் விகுதிகளைத் தாளில் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு சிறு எச்சரிக்கை: இத்தாலிய ஒலிகளைத் தமிழ் எழுத்து முழுமையாகக் காட்டாது. உங்கள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இத்தாலிய வினைக்கு ஏழு பாங்குகள் (செய்தி, கட்டளை, ஐயம், நிபந்தனை என்று சொல்லும் விதங்கள்). அவற்றுக்குள் எல்லாக் காலங்களையும் கூட்டினால் 21 கட்டங்கள். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் 9 கட்டங்கள் கூட்டு வடிவங்கள். அதாவது “அவேரே” (உடைத்தாயிருத்தல்) அல்லது “எஸ்ஸெரே” (இருத்தல்) என்ற துணைவினையோடு, “பர்லாத்தோ” (பேசிய), “வெனூத்தோ” (வந்த) போன்ற ஒரே எச்ச வடிவம் சேர்ந்து வருபவை. அந்த இரண்டு துணைவினைகள் உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்துவிட்டால் இந்த 9 கட்டங்களிலும் புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. பல புத்தகங்கள் இதைச் சொல்லாமல் ஒவ்வொரு வினைக்கும் 21 கட்டங்களை அச்சடித்துப் பயமுறுத்துகின்றன.

எனவே ஒவ்வொரு வினையையும் நோட்டில் நான்கே சொற்களாக எழுதுங்கள்: பெயர் வடிவம், “நான்” என்பதற்கான நிகழ்காலம், துணைவினையோடு சேர்ந்த எச்சம், “நான்” என்பதற்கான எதிர்காலம். “வருதல்” என்றால்: வெனீரே, வெங்கோ, சோனோ வெனூத்தா, வெர்ரோ. “செய்தல்” என்றால்: ஃபாரே, ஃபாச்சோ, ஓ ஃபாத்தோ, ஃபரோ. இந்த நான்கிலிருந்து அன்றாடம் வேண்டிய வடிவங்களில் பெரும்பாலானவற்றைக் கட்டிக்கொள்ளலாம்.

முதல் சொல்லின் ஈற்றைப் பாருங்கள். “ஆரே”, “ஏரே”, “ஈரே” என மூன்று குடும்பங்கள். (நடுக் குடும்பத்தில் “ஸ்க்ரீவெரே” போல அழுத்தம் முன்னே நகர்ந்துவிடும் வினைகளும் நிறைய.) “ஆரே” குடும்பம்தான் மிகப் பெரியது, மிகச் சாதுவானதும்கூட. புதிதாகப் பிறக்கும் வினைகளும் அதில்தான் போய்ச் சேர்கின்றன: இணையத்தில் அரட்டை அடிப்பது “ச்சத்தாரே”, கூகுளில் தேடுவது “கூக்லாரே”. அங்கே எச்ச வடிவம் எப்போதும் “ஆத்தோ”. “ஃபாரே” மட்டும் விதிவிலக்கு. தொல்லை தருவது நடுக் குடும்பம்: ஸ்க்ரித்தோ, லெத்தோ, ப்ரேசோ, மெஸ்ஸோ, கியூசோ, விஸ்தோ, ரிமஸ்தோ. இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நோட்டில் மூன்றாம் சொல்லாக எழுதியபடியே பழகுங்கள்.

நிகழ்காலத்தில் நம்மவர்கள் அதிகம் இடறுவது விகுதியில் அல்ல, அழுத்தத்தில். பர்லோ, பர்லி, பர்லா, பர்லியாமோ, பர்லாத்தே, பர்லனோ. கடைசிச் சொல்லில் அழுத்தம் முதலெழுத்தில். “பர்லானோ” என்று இழுத்தால் கேட்பவர் ஒரு கணம் திகைப்பார்.

இனி இறந்தகாலம். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போக வேண்டும். முடிந்துபோன செயலுக்குக் கூட்டு வடிவமான “பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ”; பின்னணிக்கும் பழக்கத்துக்கும் “இம்பெர்ஃபெத்தோ”. “சாப்பிட்டேன்” என்றால் “ஓ மஞ்ஜாத்தோ”. “சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்” என்றால் “மஞ்ஜாவோ”. இதுவரை சிக்கல் இல்லை. பொறி இருப்பது வேறோர் இடத்தில். தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம்: “அப்போதெல்லாம் ஒவ்வொரு செப்டம்பரிலும் மலையேறிப் புனித ரோசாலியாவின் குகைக்குப் போவேன்.” இதே பழக்கத்தில் இத்தாலியத்திலும் எதிர்காலத்தைப் போட்டுவிட்டால், இனிமேல் போகப் போகிறீர்கள் என்று பொருளாகிவிடும். சரியான வடிவம்: “ஓஞ்ஞி செத்தெம்ப்ரே சலீவோ அ மொந்தே பெல்லெக்ரீனோ.” ஆனால் போன ஆண்டு இரண்டு முறை ஏறினீர்கள் என்றால் எண்ணிக்கை வந்துவிட்டது, செயல் முடிந்துவிட்டது; எனவே “சோனோ சலீத்தா”. தமிழில் “வேன்” என்று முடியும் வாக்கியம் மனதில் ஓடினால், பேசுவது பழைய கதையா நாளைய திட்டமா என்று முதலில் பாருங்கள்.

சில வினைகளில் இந்த இரண்டு காலங்களும் பொருளையே மாற்றிவிடும். “சபேவோ” என்றால் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “ஓ சபூத்தோ” என்றால் அப்போதுதான் தெரியவந்தது. வேலை செய்யும் வீட்டில் ஒரு பொருள் உடைந்துபோனதைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல!

இம்பெர்ஃபெத்தோவின் வடிவம் சுலபம். பர்லாவோ, வெதேவோ, தொர்மீவோ என்று மூன்று குடும்பங்களும் ஒரே தாளத்தில் போகும். “எஸ்ஸெரே” மட்டும் “ஏரோ, ஏரி, ஏரா” என்று தன் வழியில் போகும். “ஃபாரே”, “தீரே”, “பேரே” மூன்றும் ஃபச்சேவோ, திச்சேவோ, பெவேவோ என்று சற்றே நீளும்.

துணைவினையில் எதைப் போடுவது? போதல், வருதல், புறப்படுதல், பிறத்தல், தங்குதல், ஆகுதல் போன்றவற்றுக்கும், “மி”, “தி”, “சி” சேர்ந்து தன்னையே குறிக்கும் எல்லா வினைகளுக்கும் “எஸ்ஸெரே”. மற்றவற்றில் பெரும்பாலானவை “அவேரே”. இயக்கம் என்றாலே “எஸ்ஸெரே” என்று சில வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். அது அரைகுறை விதி. நடப்பதும் பயணம் செய்வதும் இயக்கம்தான், ஆனால் “ஓ கம்மினாத்தோ”, “ஓ வியஜ்ஜாத்தோ”. “எஸ்ஸெரே” வந்தால் எச்சத்தின் ஈறு ஆளுக்கேற்ப மாறும். நீங்கள் பெண் என்பதால் “சோனோ அந்தாத்தா”. உங்கள் கணவர் “சோனோ அந்தாத்தோ”. இருவரும் சேர்ந்தால் “சியாமோ அந்தாத்தி”. தமிழில் தன்மைக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது என்பதால் எழுதும்போது இது அடிக்கடி நழுவும். தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் இதற்காக மட்டும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

எதிர்காலத்தில் தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. “எட்டு மணி இருக்கும்” என்று நாம் ஊகமாகச் சொல்வதை இத்தாலியரும் எதிர்காலத்திலேயே சொல்வார்கள்: “சரன்னோ லெ ஓத்தோ.” “நாளைக்குப் போகிறேன்” என்று நிகழ்காலத்தில் சொல்வதும் அங்கே அப்படியே செல்லும். நோட்டில் நான்காவதாக எழுதிய சொல்லின் ஈற்றை மட்டும் மாற்றினால் “கொந்தித்ஸியொனாலே” என்ற நிபந்தனை வடிவம் கிடைத்துவிடும்: வெர்ரோ என்றால் வருவேன், வெர்ரேய் என்றால் முடிந்தால் வருவேன் என்ற சாயல். பொத்ரோ, பொத்ரேய், அவ்ரோ, அவ்ரேய். காப்பிக் கடையில் நீங்கள் சொல்லும் “வொர்ரேய்” இதே வடிவம்தான்.

“கொன்ஜுன்தீவோ” (நினைப்பு, ஐயம், விருப்பம் சொல்லும் வடிவம்) என்றதும் எல்லோரும் நடுங்குகிறார்கள். உண்மையில் உங்கள் காதுக்கு அது பழக்கமான ஒன்று. அலுவலகத்தில் உங்களிடம் மரியாதையாக “வெங்கா”, “மி தீக்கா”, “ஸ்கூசி”, “அஸ்பெத்தி” என்கிறார்களே, அவை எல்லாமே அதுதான். நோட்டில் இரண்டாவது சொல்லின் கடைசி ஒலியை மாற்றுங்கள்: வெங்கோ, வெங்கா, தீக்கோ, தீக்கா, ஃபாச்சோ, ஃபாச்சா, ஃபினீஸ்கோ, ஃபினீஸ்கா. “ஆரே” குடும்பத்தில் மட்டும் ஈறு “இ”; “ஃபாரே”, “அந்தாரே” (போதல்) இரண்டும் இதில் சேராது. எஸ்ஸெரே, அவேரே, சபேரே, தாரே, ஸ்தாரே ஆகிய ஐந்தையும் தனியாகப் படியுங்கள். “அவர் வருவார் என நினைக்கிறேன்” என்பதற்கு “க்ரேதோ கெ வெங்கா”. பேச்சில் இத்தாலியர்கள் பலரே இதைக் கைவிடுகிறார்கள். தேர்வில் நீங்கள் கைவிட வேண்டாம். பலெர்மோக் கடைகளில் மரியாதைக்கு “திச்செஸ்ஸெ”, “வெனிஸ்ஸெ” என்றும் கேட்டிருப்பீர்கள். அது தெற்கத்திப் பேச்சு வழக்கு. கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், தாளில் எழுதாதீர்கள்.

“நேரமிருந்தால் வருவேன்” என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு இத்தாலியத்தில் இரண்டு வழிகள். நேரம் கிடைக்க வாய்ப்பு இருந்தால் “செ ஓ தெம்போ, வெங்கோ”. இல்லையென்று தெரிந்தே சொன்னால் “செ அவெஸ்ஸி தெம்போ, வெர்ரேய்”. காலம் கடந்துவிட்டால் தமிழும் இத்தாலியமும் ஒன்றாக நடக்கின்றன: “நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்” என்பது “செ அவெஸ்ஸி அவூத்தோ தெம்போ, சரேய் வெனூத்தா”. “செ அவ்ரேய்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தாலியப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதைப்போல எரிச்சலூட்டும் பிழை வேறில்லை.

இப்போது உங்கள் சந்தைக்கு வருவோம். புத்தகம் சொல்வது வட இத்தாலிக்குச் சரி. அங்கே “பஸ்ஸாத்தோ ரெமோத்தோ” பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவின் மொழியிலோ இந்த ஒற்றைச் சொல் இறந்தகாலம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதே பழக்கத்தில் சிசிலிக்காரர்கள் இத்தாலியம் பேசும்போதும் காலையில் நடந்ததைக்கூட “மஞ்ஜாய்” என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்டது பிழையல்ல, வட்டார வழக்கு. தேர்வுக்கு உங்கள் பேச்சிலும் எழுத்திலும் “ஓ மஞ்ஜாத்தோ” என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புப் பகுதியில் வாழ்க்கைக் குறிப்புகள் வரலாம் என்பதால் படர்க்கை வடிவங்கள் சிலவற்றைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால் போதும்: ஃபூ, எப்பெ, ஃபேச்செ, திஸ்ஸெ, வென்னெ, வீதெ, நாக்வெ, மொரீ. தாந்தே 1265-இல் ஃபிளாரன்ஸில் பிறந்தார், 1321-இல் ராவென்னாவில் இறந்தார் என்ற வாக்கியத்தில் வருபவை கடைசி இரண்டும்தான். பழைய வீடுகளின் சுவர்க் கல்வெட்டுகளிலும் அவையே இருக்கும். பட்டியலில் “த்ரபஸ்ஸாத்தோ ரெமோத்தோ” என்று ஒரு கட்டம் மிச்சமிருக்கும். அந்தப் பக்கத்தைத் தாராளமாகப் புரட்டிவிடலாம்.