கடிகாரக்காரரின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிகாரோ நாடகங்களை எழுதிய பொமார்ஷே ‘முதலில் கடிகாரக்காரர்’ என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அது வெறும் குலத்தொழில்தானா? அவர் நாடகங்கள் கடிகாரம்போல் பிசகாமல் ஓடுகின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் பொருள் உண்டா, உவமைக்காகச் சொல்வதா?

கு.

அன்புள்ள கு.,

அந்த உவமை எனக்குப் பிடிக்காது. அப்பா பூட்டுக்கடை வைத்திருந்தால் நாடகம் பூட்டுபோல் இருக்கிறது என்றிருப்பார்கள்.

பாரிஸில் 1732இல் பிறந்தபோது அவர் பியேர் அகுஸ்தேன் கரோன். பொமார்ஷே என்பது பிற்பாடு சேர்த்துக்கொண்ட பெயர். அப்பாவின் பட்டறையில்தான் தொழில் பழகினார். பழகிய லட்சணம், 18 வயது வாக்கில் அப்பா வீட்டைவிட்டே துரத்திவிட்டார். திரும்பச் சேர்க்க எழுத்தில் நிபந்தனைகள் வைத்தார். கோடையில் ஆறு மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் எழ வேண்டும். செய்வதும் விற்பதும் எல்லாம் அப்பா கணக்கில்தான், தனியாக எதையும் தள்ளிவிடக் கூடாது. மகன் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

21 வயதில் புதிய எஸ்கேப்மென்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். சாவி கொடுத்த வில் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடாமல், சக்கரத்தைப் பல் பல்லாக விட்டுப் பிடிக்கும் பாகம் அது. கடிகாரம் நேரம் தவறுவதும் தவறாததும் அங்கேதான் இருக்கிறது. நம்பி, அரசரின் கடிகாரக்காரரான லெபோத்திடம் காட்டினார். 1753 செப்டம்பரில் ‘மெர்க்யூர் த பிரான்ஸ்’ இதழைப் பிரித்தால், லெபோத் அதைத் தன் கண்டுபிடிப்பாக அறிவித்திருக்கிறார்! பட்டறைப் பையன் அடங்கவில்லை. அதே இதழுக்குக் கடிதம் எழுதினார், அறிவியல் கழகத்தின் முன் தன் மாதிரிகளை வைத்தார். 1754இல் கழகம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர் முதலில் படித்த அவர் எழுத்து நாடகமல்ல, இந்தப் பிராதுதான்.

அதன் பிறகு அரண்மனைக் கதவு திறந்தது. அரசரின் காதலி மதாம் பொம்பதூருக்கு மோதிரத்தில் ஒரு கடிகாரம் செய்தார். குறுக்களவு சுமார் ஒரு சென்டிமீட்டர். சாவி கிடையாது. முகப்பைச் சுற்றிய வளையத்தில் ஒரு சின்னக் கொக்கி. அதை நகத்தால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்துவிட்டால் 30 மணி நேரம் ஓடும்.

இருபது வருடம் கழித்து ஒரு வழக்கு. நீதிபதி கோஸ்மானைப் பார்க்க அவர் மனைவிக்கு 100 லூயி பொற்காசும், வைரம் பதித்த ஒரு கடிகாரமும் (வேறென்ன கொடுப்பார்?), செயலருக்கென்று 15 லூயியும் கொடுத்தார். வழக்கு தோற்றது. அம்மையார் மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த 15ஐ மட்டும் வைத்துக்கொண்டார். விடுவாரா? நான்கு பிரசுரங்கள் எழுதினார், பாரிஸே விழுந்து விழுந்து படித்தது. லஞ்சம் கொடுத்தவரே லஞ்சக் கணக்குக் கேட்கும் அந்தத் துணிச்சலை என்னவென்பது! மன்னர் லூயி பதினைந்து கட்டிய நீதிமன்றத்தைப் பதினைந்து லூயி இடித்தது என்று ஊர் சிரித்தது. 1774இல் தீர்ப்பு அவருடைய குடியுரிமைகளைப் பறித்தது. ஊருக்கு அவர் நாயகனானார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தப் பிடிவாதம்தான். செய்தவன் பெயரும் செய்தவன் பங்கும் அவனுக்கு வர வேண்டும் என்பதை அவர் நாடகம் எழுதிக் கற்கவில்லை, எஸ்கேப்மென்ட்டில் கற்றார். முதல் ஃபிகாரோ நாடகமான ‘செவில் நகரத்து நாவிதன்’ 1775இல் மேடையேறி நன்றாக ஓடியது. அதை நடத்திய கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவின் நடிகர்கள் ஆசிரியர் பங்கென்று ஒரு தொகையை அனுப்பினார்கள். வரவுசெலவுக் கணக்கில் கையெழுத்தில்லை. பணம் வேண்டாம், கையெழுத்திட்ட கணக்கு வேண்டும் என்றார். 1777 ஜூலை 3 அன்று சக நாடகாசிரியர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். நாடகாசிரியர் சங்கம் அந்தச் சாப்பாட்டு மேசையில் பிறந்தது.

அப்பாவுக்குத் தெரியாமல் கடிகாரம் விற்ற அதே பையன்தான்.