கனடாவில் துவக்கு வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஒன்ராறியோ மாகாணத்துச் சட்பரிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். கூட வேலை செய்பவர் நவம்பரில் மான் வேட்டைக்கு வாவென்று கூப்பிட்டிருக்கிறார். ஒரு துவக்கு வாங்கினால் வேட்டைக்கும் ஆச்சு, வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆச்சு என்று நினைத்திருக்கிறீர்கள். அப்புறம் வகுப்பு, பரீட்சை, படிவம், காத்திருப்பு என்று கேள்விப்பட்டதும் கோபம் வந்துவிட்டது. "என் காசு, என் விருப்பம், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? டெக்சாஸில் இருக்கிற மச்சானுக்கு இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லையே" என்று கேட்கிறீர்கள்.

முதலில் மச்சானை ஓரமாக வைப்போம். அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பது 1791ல் அரசியலமைப்பில் சேர்த்த உரிமை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத பெரியவர் ஒருவர் அனுமதிப் பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். கனடாவில் அப்படி ஓர் உரிமை அரசியலமைப்பில் இல்லை. அமெரிக்கர்களைப் போலக் கனேடியர்களுக்கு ஆயுதம் தரிக்கும் உரிமை கிடையாது என்று இங்குள்ள உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது. இங்கே அது ஒரு சலுகை. தகுதி இருக்கும்வரை வைத்திருக்கலாம், தகுதி போனால் கொடுத்துவிட வேண்டும். மச்சான் உங்களைப் பார்க்க காரில் வருவதானால், டாஷ்போர்டுக்குள் கிடக்கிற பிஸ்டலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். எல்லையில் "மறந்துபோனேன்" என்பதெல்லாம் எடுபடாது.

வீட்டுப் பாதுகாப்புக் கதையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். மான் சுடுகிற சாதாரண ரைபிளைக்கூட வீட்டில் தோட்டா இல்லாமல்தான் வைக்க வேண்டும். விசைக்குப் பூட்டுப் போட வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். தோட்டா சட்டென்று கைக்கெட்டாத வேறிடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைப்பதென்றால் பெட்டி உறுதியானதாக, பூட்டியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கள்ளன் வந்தால் சாவி தேடி முடிப்பதற்குள் அவன் டிவியோடு போய்விடுவான். கைத்துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 அக்டோபர் 21 முதல் சாதாரண ஆட்கள் அதை வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது.

இனி என் கதை. நான் 1991ல் வந்தவன். நாற்பது வயதுவரை துவக்கு என்றால் எனக்குச் சீருடைதான். அது யாருடைய சீருடை என்பது காலத்துக்குக் காலம் மாறியது, வயிற்றுக்குள் வந்த உணர்வு மாறவில்லை. தொழிற்சாலையில் கூட வேலை செய்த பின்லாந்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டு வாரம் காணாமல் போவார், திரும்பி வரும்போது எனக்கொரு பொதி மான் இறைச்சி கொண்டுவருவார். 2009ல்தான் அவரோடு போக மனம் வந்தது. பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மேசையில் ஐந்தாறு துவக்குகள், எல்லாம் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்தவை. ஆசிரியர் முதலில் சொன்னது, "எந்தத் துவக்கைக் கண்டாலும் உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினை." என் முறை வந்தபோது ஒன்றைக் கையில் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். யாரோ என்னைக் கூப்பிட, நான் உடம்போடு திரும்பினேன். துவக்கின் குழாய், பக்கத்தில் நின்ற பெண்ணின் வயிற்றுக்கு நேரே போய் நின்றது. ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒற்றை விரலால் குழாயைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டார். அதற்குள் எதுவும் இல்லை என்று எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் வெளிறிப்போனோம். பரீட்சையில் இப்படித் திரும்பியிருந்தால் தோல்விதான். எழுத்து, செய்முறை இரண்டிலும் 80 வீதம் எடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் லைசென்ஸுக்கான படிவம். உங்களைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சியாக வேண்டும். மனநலம், வன்முறை, குற்றப் பதிவு எல்லாம் கேட்பார்கள். இப்போது வாழும் துணை மட்டுமல்ல, கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்துபோன துணை இருந்தால் அவருடைய கையெழுத்துக்கும் அதில் இடம் உண்டு. என் மனைவி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "நான் போடாவிட்டால்?" என்று கேட்டார். போடாவிட்டால் அதிகாரிகளே உனக்கு அறிவிப்பார்கள், நீ உன் பயத்தைச் சொல்லலாம் என்றேன். படிவம் இரண்டு வாரம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தோடு தொங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எங்கே வைப்பீங்கள், சாவி யாரிட்ட இருக்கும்?" என்றார். நிலவறையில் இரும்புப் பெட்டி பொருத்தப்போகும் மூலையைக் காட்டினேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவார்கள் என்று வேறு மூலை காட்டினார். அந்த மூலைக்குச் சம்மதித்த பிறகுதான் கையெழுத்து.

இதை அவமானம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு பொருள் வாங்க மனைவியிடம் அனுமதியா என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் துவக்கோடு ஒரே கூரைக்குக் கீழ் படுக்கப்போகிறவர் அவர். 1989 டிசம்பர் 6ம் திகதி மொன்றியலில் எக்கோல் பொலிடெக்னிக் கல்லூரிக்குள் ஒருவன் சட்டப்படி வாங்கிய ரைபிளோடு புகுந்து 14 பெண்களைக் கொன்றான். முதல் லைசென்ஸுக்கு 28 நாள் காத்திருப்பு, கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சி, ஆளைப் பற்றிய விசாரணை எல்லாம் அதற்குப் பின்னால் 1991லும் 1995லும் வந்த சட்டங்களில் இறுகியவை. லைசென்ஸ் கையில் வந்த பிறகும் உங்கள் பெயர் பொலிஸ் பதிவுகளோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிடப்படுகிறது. ஆள் யார் என்று பார்க்கிற இந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

ஆனால் எல்லா விதியையும் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் வாங்கிய காலத்தில் ஒவ்வொரு ரைபிளையும் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு நிகரச் செலவு 20 இலட்சம் டொலர்தான் என்று சொல்லித் தொடங்கினார்கள். 2002ல் கணக்காய்வாளர் நாயகம் எட்டிப் பார்த்தபோது மொத்தச் செலவு 100 கோடியைத் தாண்டும் என்றார். நானும் ஒழுங்காகப் பதிந்தேன். பின்னர் ஆட்சிக்கு வந்த வேறு அரசாங்கம் 2012ல் பதிவேட்டையே கலைத்தது, பதிவுகளையும் அழிக்கச் சொன்னது. கியூபெக் மட்டும் பிறகு தனக்கென ஒன்றை உண்டாக்கியது. அப்புறம் 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவனிடம் லைசென்ஸே இருந்ததில்லை. அவன் துவக்குகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. இரண்டு வாரம் கழியுமுன், மே 1ம் திகதி, சுமார் 1,500 மாதிரிகள் ஒரே உத்தரவில் தடையாயின. என் நண்பர் ஒருவர் பதினைந்து வருடமாக வைத்திருந்த மினி‑14 ரைபிள் அந்தப் பட்டியலில் இருந்தது. முதல் நாள் இரவு சட்டப்படி பெட்டிக்குள் இருந்த பொருள், விடிந்தபோது அதே பெட்டிக்குள் தடைசெய்யப்பட்ட பொருள். சுடவும் முடியாது, விற்கவும் முடியாது. அரசாங்கம் காசு தந்து வாங்கிக்கொள்ளும் என்றார்கள். அதுவரை வைத்திருப்பவர்களைத் தண்டிக்காத பொதுமன்னிப்புக் காலத்தை நீட்டி நீட்டி ஆண்டுகள் ஓடின. மொன்றியல் கொலைகாரன் கொண்டுபோனதும் அதே ரக ரைபிள்தான், அதனால் தடைக்கு நியாயமில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் என் நண்பர் எல்லா விசாரணையும் தாண்டியவர். அவருக்கு நேற்றுச் சரியாக இருந்தது இன்று ஏன் பிழை என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

2022 நவம்பரில் வேட்டைத் துவக்குகள் பலவற்றையும் பிடிக்கிற மாதிரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வேட்டைக்காரர்களும் முதற்குடி மக்களும் கொதித்தெழுந்ததில் அடுத்த பெப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆளைப் பார்க்கிற சட்டம் முப்பது வருடமாக அநேகமாக ஒரே தடத்தில் போகிறது. பொருளைப் பார்க்கிற சட்டம் தேர்தலுக்குத் தேர்தல் ஆடுகிறது. என் கோபம் அந்த ஆட்டத்தில் மட்டும்தான்.

காட்டு விதிகள் வேறு கதை. அங்கே 'என் விருப்பம்' என்ற பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஏறாது. துவக்கு உங்களுடையது, மான் உங்களுடையதல்ல. ஒரு காலத்தில் ஒன்ராறியோ வானத்தைப் பயணிப் புறாக்கள் மணிக்கணக்காக மறைத்தனவாம். அவரவர் விருப்பத்துக்குச் சுட்டார்கள், காட்டையும் வெட்டினார்கள். கடைசிப் புறா 1914ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. காட்டு வான்கோழியும் இந்த மாகாணத்தில் அற்றுப்போய், 1984ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் மீண்டது. இன்று வசந்த காலத்தில் அதை வேட்டையாட முடிகிறதென்றால் இடையில் பலர் சுடாமல் இருந்ததால்தான். நீங்கள் கட்டும் வேட்டைக் கட்டணமும் காட்டுயிர்களுக்கென்று ஒதுக்கிய கணக்குக்குப் போகிறது.

மான் டேக் என்பது சுடும் மானுக்குரிய அனுமதிச் சீட்டு, நீங்களே வீட்டில் அச்சடிக்கிற ஒரு கடதாசி. என்னுடையதை ஈரம் படாமல் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நெஞ்சுப் பையில் வைத்திருப்பேன். மான் விழுந்ததும், அதை அசைக்கிறதுக்கு முன்னால், நாளையும் நேரத்தையும் குறிக்கிற இடங்களில் அந்தக் கடதாசியை வெட்ட வேண்டும். என் முதல் மானுக்குக் கை நடுங்கியதில் கத்தி வழுக்கி விரலிலும் ஒரு வெட்டு, டேக்கில் இரத்தக் கறை. வழியில் மறித்த வனவிலங்கு அதிகாரி கறையைப் பார்த்து, "மானுடையதா, உன்னுடையதா?" என்று கேட்டார். சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்னாலிருந்து மறைந்து அரை மணிவரைதான் வேட்டை. துவக்குப் பருவத்தில் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் கட்டாயம். இறைச்சியைப் பழுதாக விடக்கூடாது, விற்கவும் கூடாது. நண்பருக்குக் கொடுக்கலாம். அந்தப் பின்லாந்துக்காரர் எனக்குத் தந்த மாதிரி.

உங்களைக் கூப்பிட்டவர் முதற்குடியைச் சேர்ந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அவருக்குப் பொருந்தும் வேட்டை விதி வேறாக இருக்கலாம், "அவர் டேக் இல்லாமல் சுடுகிறாரே" என்று வாய்விட்டுவிட வேண்டாம். அவர்களுடைய உரிமை 1982 அரசியலமைப்பின் 35வது பிரிவில் இருக்கிறது. சூ செயின்ட் மேரியில் பவுலி என்ற மேட்டி இனத் (முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான இனம்) தந்தையும் மகனும் 1993ல் லைசென்ஸ் இல்லாமல் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார்கள். மாகாண டேக்குக்குப் பதிலாக, குளிர்காலத்துக்கு என் இறைச்சி என்று கையால் எழுதி அதில் கட்டினார்கள். வழக்குப் பத்து வருடம் நடந்தது. 2003ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்த நாட்டில் வேட்டை உண்மையில் உரிமையாக இருப்பது அவர்களுக்குத்தான், நாங்கள் எல்லாரும் அனுமதியில் போகிறவர்கள்.

நீங்கள் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) ஆள், அதனால் இன்னும் சில. லைசென்ஸ் எடுக்கக் குடியுரிமை தேவையில்லை, 18 வயது போதும். ஆனால் துவக்குக் குற்றம் ஒன்றில் மாட்டினால் குடியுரிமை உள்ளவருக்குத் தண்டனையோடு போகலாம், உங்களுக்கு இங்கே இருப்பதே கேள்வியாகலாம். பிள்ளைக்கு விளையாட்டுக்கென்று காற்றுத் துவக்கு வாங்கும்போதும் பெட்டியைப் படியுங்கள். விநாடிக்கு 500 அடிக்கு மேல் வேகமும் 5.7 ஜூலுக்கு மேல் ஆற்றலும் சேர்ந்திருந்தால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். கரடிக்கு அடிக்கிற ஸ்பிரேயைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம். மனிதருக்கென்று விற்கிற மிளகு ஸ்பிரே தடை.

நானும் ஒருமுறை பிழைவிட்டேன். வேட்டை முடிந்து வரும் வழியில் கோப்பி குடிக்க இறங்கினேன். ரைபிள் உறைக்குள், தோட்டா இல்லை, கார் பூட்டித்தான் இருந்தது. ஆனால் பின்சீட்டில் வெளியே தெரிகிற மாதிரி. திரும்பி வந்தால் பொலிஸ்காரர் ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆளில்லாத காரில் டிக்கிக்குள் பூட்டி வைக்க வேண்டும், டிக்கி இல்லாத வண்டியென்றால் வெளியே தெரியக்கூடாது. எச்சரித்து விட்டார். விட்டிருக்க வேண்டியதில்லை. கோப்பி ஆறிப்போனதும் எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்த நவம்பருக்கு என் யோசனை. துவக்கைத் தொடாமல் சும்மா கூடப் போங்கள். நீங்கள் சுடப்போவதில்லை என்றாலும் செம்மஞ்சள் போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் மூன்று மணித்தியாலம் அசையாமல் மரத்தடியில் இருக்க உங்களால் முடிகிறதா, மானை உரிக்கும்போது பக்கத்தில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பிறகு துவக்குப் பாதுகாப்பு வகுப்பையும் ஒன்ராறியோ வேட்டைக்காரர் வகுப்பையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்துகிற இடமாகப் பாருங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பதிந்துவிட்டால் நல்லது. கோடை முடிய எல்லாரும் ஓடிவருவார்கள், அப்போது இடம் கிடைப்பது கஷ்டம். படிவம் வந்ததும் வீட்டுக்காரியிடம் காட்டுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.