எமன் வேஷம் போட்டால் குடித்துவிட்டு ஓட்டுவது நிற்குமா? பள்ளி ஆலோசகரிடம் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தாலே, "வந்து பசங்களை நல்லா பயமுறுத்திட்டுப் போங்க மேடம்" என்று போன் வரும். இப்படிப் பயமுறுத்துவதால் பலன் உண்டா என்று இங்கேயும் பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

திருப்பாதிரிப்புலியூர், என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியர்: மேடம், பள்ளி வாசலில் நொறுங்கிய பைக் ஒன்றை நிறுத்தி, இரண்டு மாணவர்களை வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கவைத்து, ஒருவருக்கு எமன் வேஷம் போடலாம் என்று திட்டம். பிளஸ் டூ பசங்களிடம் எடுபடுமா?

அன்றைக்கு எடுபடும் சார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எடுபடுமா என்பதுதான் சந்தேகம்.

அமெரிக்காவில் இதையே மிகப் பெரிதாகச் செய்கிறார்கள். 'எவ்ரி 15 மினிட்ஸ்' என்று பெயர். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் குடிபோதை விபத்தில் சாகிறார் என்ற 1990-களின் தொடக்கக் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. அவர்கள் ஊர் எமன் கறுப்பு அங்கியோடு வகுப்புக்குள் வந்து ஒரு மாணவரைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு திரும்பி வருவார், பிறகு நாள் முழுக்க யாரிடமும் பேசக் கூடாது. மைதானத்தில் விபத்துக் காட்சி, நிஜ போலீஸ், நிஜ ஆம்புலன்ஸ். 'செத்த' பிள்ளைகள் அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் வேறிடத்தில் தங்கி அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார்கள். மறுநாள் அதை எல்லோர் முன்னிலும் படிக்கும்போது அரங்கமே அழும்.

அழுகை நிஜம்தான். ஆனால் இந்த மாதிரி நிகழ்ச்சிகளை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே விடை: அந்த நாட்களில் மனநிலை மாறுகிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. நடத்தையில் நிலைத்த மாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. நம் ஊர் சிக்னலில் எமன் பாசக்கயிறோடு நிற்கும்போது பசங்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

பைக்கை வையுங்கள், தப்பில்லை. வெள்ளைத் துணி வேண்டாம். போன வருஷம் அப்பாவையோ அண்ணனையோ சாலையில் இழந்த பிள்ளை அதே பள்ளியில் இருக்கும், அந்தப் பிள்ளையும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

லாஸ்பேட்டை, பத்தாம் வகுப்பு மாணவனின் அம்மா: அமெரிக்காவில் ஒரு பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் செத்துவிட்டதாகவே நம்பவைத்தார்களாமே? பொய்யாக இருந்தாலும் உயிர் பிழைத்தால் நல்லதுதானே மேடம்?

நீங்கள் சொல்வது 2008-ல் கலிபோர்னியாவின் ஓஷன்சைட் நகரில் எல் கமினோ உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. திங்கட்கிழமை காலை போலீஸ் அதிகாரிகள் 20 வகுப்பறைகளுக்குப் போய், வார இறுதியில் நடந்த விபத்துகளில் உங்கள் தோழர்கள் சிலர் இறந்துவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் கதறினார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் எல்லாம் ஏற்பாடு என்று தெரிந்தது. பிறகு ஒரு கோபம் கிளம்பியது பாருங்கள், எங்கள் உணர்வோடு விளையாடாதீர்கள் என்று பதாகை பிடிக்கும் அளவுக்கு. அதிர்ச்சி அடையட்டும் என்றுதான் செய்தோம் என்று அங்கிருந்த ஆலோசகர் ஒருவரே நியாயம் சொன்னார். அவரும் என் தொழில்காரர் என்பதால் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அம்மா, உங்கள் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவான்? தன்னிடம் பொய் சொல்லாத ஒருவரை. அந்த இடத்தில் ஆசிரியரும் போலீஸும் இருக்க வேண்டுமென்றால் இந்த வேலையே கூடாது.

நெல்லிக்குப்பம், வாசகர்: அப்படியென்றால் பயமே காட்டக் கூடாதா? பயம் இல்லாமல் யார் திருந்துகிறார்கள்?

பயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயத்தோடு ஒரு வழியையும் கொடுங்கள் என்கிறேன்.

1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் குழு ஒரு சோதனை செய்தது. டெட்டனஸ் பற்றிய துண்டறிக்கைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு மிகப் பயங்கரமானது, சிலருக்கு மிதமானது. பயங்கரமானதைப் படித்தவர்கள் அதிகம் பயந்தார்கள், ஊசி போட்டுக்கொள்வேன் என்றும் அதிகம் சொன்னார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம்தான். இன்னொரு பகுதியினருக்கு, சுகாதார மையம் குறிக்கப்பட்ட வளாக வரைபடத்தைக் கொடுத்து, இந்த வாரம் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவாய் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் இறுதியாண்டு மாணவர்கள், அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் இல்லை!

பிற்பாடு 1992-ல் கிம் விட்டி என்ற ஆய்வாளர் இதை இன்னும் தெளிவாக்கினார். பயம் வந்ததும் மனம் இரண்டு விஷயத்தை எடைபோடுகிறது: இது எனக்கு வருமா, வந்தால் என்னால் தடுக்க முடியுமா? இரண்டாவதற்கு விடை கிடைக்காவிட்டால், ஆபத்தை விட்டுவிட்டு பயத்தைத் துரத்தப் பார்க்கும். "எங்க மாமா இருபது வருஷமா குடிச்சிட்டு ஓட்றார், ஒண்ணும் ஆகலை" என்று பசங்கள் சிரிக்கிறார்களே, அது இதுதான்.

விருத்தாசலம், பெற்றோர்: மத்திய சிறைக்கு ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டினால்?

வேண்டாம் ஐயா. 1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் தொடங்கிய 'ஸ்கேர்டு ஸ்ட்ரெயிட்' திட்டம் இதையேதான் செய்தது. ஆயுள் கைதிகள் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவார்கள். அதைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கார் கூடக் கிடைத்தது. பிறகு அந்தோணி பெட்ரோசினோ குழு இவ்வகைத் திட்டங்களின் 9 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். சும்மா இருந்திருந்தாலே நல்லது என்ற நிலை.

கடலூர் முதுநகர், பிளஸ் டூ மாணவன்: அக்கா, ஒரே ஒரு பீர் அடிச்சிட்டு ஓட்டினா என்ன ஆகும்? மோர் குடிச்சா இறங்கிடும்னு சொல்றாங்க. (ஃபிரெண்டுக்காகக் கேக்கறேன்.)

ஃபிரெண்டிடம் இந்தக் கணக்கைச் சொல், தம்பி. பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் என்று வைத்தால் 52 மில்லி, எடையில் ஏறக்குறைய 41 கிராம். 60 கிலோ பையன் வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 80-லிருந்து 100 மில்லிகிராம் வரை ஏறலாம். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி எல்லை 30. அதாவது "ஒரே ஒரு பீர்" எல்லையைப் போல மூன்று மடங்கு. குவாட்டர் என்றால் இதில் ஒன்றரை மடங்கு.

ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். மோர், எலுமிச்சை, டீ, குளியல், வாந்தி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. எனவே எல்லைக்குக் கீழே வரவே மூன்றரை, நாலரை மணி நேரம் ஆகலாம். இன்னொன்று, அதே அளவு போதையில் நாற்பது வயதுக்காரரைவிடப் புதிதாக ஓட்டுபவனுக்கு விபத்து வாய்ப்பு அதிகம். வண்டி கைக்கு இன்னும் பழகவில்லை, இருட்டில் எதிரே லாரி வரும் தூரத்தைக் கணிக்கவும் பழகவில்லை.

முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். உனக்கு 18 ஆகவில்லை என்றால் கதையே வேறு, கீழே ஒரு அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன், படி.

பாகூர், மருந்துக்கடை வைத்திருப்பவர்: புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் சாயங்காலம் ஆனால் கடலூர் பையன்கள் பைக்கில் வந்து குடித்துவிட்டு அப்படியே திரும்புகிறார்கள். இதற்குப் பள்ளியில் பேசி என்ன பயன்?

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி அண்ணா. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், புதுச்சேரியில் 18 போதும். விலை வித்தியாசம் வேறு. பதினெட்டு முடிந்த கடலூர் பையன் தன் ஊரில் வாங்க முடியாததை எல்லை தாண்டியதும் சட்டப்படியே வாங்கலாம். ஆனால் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். பைக்கில் திரும்பித்தான் ஆக வேண்டும். லாரியும் பஸ்ஸும் பறக்கிற சாலையில், இருட்டிய பிறகு.

அமெரிக்காவும் இதைப் பட்டு அனுபவித்த நாடுதான். 1970-களில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதை 18, 19 என்று குறைத்தன, சில 21-லேயே நின்றன. இளைஞர்கள் பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு 'ரத்த எல்லைகள்' என்றே பெயர் விழுந்தது. 1984-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி கிடையாது. 1988-க்குள் எல்லா மாநிலமும் வழிக்கு வந்தன. இளம் ஓட்டுநர்களின் குடிபோதைச் சாவு குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. எந்த எமன் வேஷமும் இதில் பாதியைக்கூடச் சாதித்ததில்லை.

நம் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி ஒரே வயதுக்கு வருவார்களா? மது வருமானத்தை நம்பியிருக்கும் புதுச்சேரி லேசில் வராது என்பது என் கணிப்பு. அதுவரை கடைக்காரர் வயதுச் சான்று கேட்கிறாரா என்று பார்ப்பதும், எல்லையில் இருபுறப் போலீஸும் ராத்திரியில் ஊதச் சொல்வதும்தான் வழி. நீங்கள் கேட்டதற்கு நேர் பதில்: பள்ளியில் பேசுவது மட்டும் போதாது. எல்லாப் பாரத்தையும் பள்ளியின் தலையில் வைத்தால் மற்றவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

போக்குவரத்துக் காவலர், புதுச்சேரி: நாங்கள் ஊதச் சொன்னால் ஆள் தெரியும், கட்சி தெரியும் என்று போன் வருகிறது. இதில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

இருக்கிறது சார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் எந்த வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைத் தொடங்கியது, விபத்துச் சாவுகள் சட்டென்று குறைந்தன. தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, இன்றைக்கு மாட்டுவேனா என்ற நினைப்புதான் ஆளைத் தடுக்கிறது. போன் விஷயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

மஞ்சக்குப்பம், அப்பா: பையனுக்கு 16. டியூஷனுக்கு மட்டும் ஸ்கூட்டர் தருகிறேன். குடிப்பழக்கம் எல்லாம் கிடையாது. இதில் எனக்கு ஏதும் சிக்கல் உண்டா?

உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு உங்களைத்தான் பிடிக்கும், பையன் குடித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 18 ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாமே என்பார்கள், அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. உங்கள் ஸ்கூட்டர் நிச்சயமாக அதைவிடப் பெரியது. விபத்து ஆனால், காப்பீட்டு நிறுவனம் எதிராளிக்குக் கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கவும் வாய்ப்புண்டு. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

அரியாங்குப்பம், கல்லூரி மாணவி: அக்கா, நான் ஓட்டுவதில்லை. ஆனால் பார்ட்டி முடிந்து கொண்டுவந்து விடுகிற பையன் குடித்திருந்தால் என்ன செய்வது? ஏறமாட்டேன் என்றால் சீன் போடுறா என்பார்கள்.

பயமுறுத்தும் நிகழ்ச்சிகள் கண்டுகொள்ளாமல் விடுவது உன்னை மாதிரி பின்சீட்டில் இருப்பவர்களைத்தான். பொய்க் காரணம் சொன்னாலும் பரவாயில்லை: "அப்பா வந்துட்டிருக்கார்", "எனக்குத் தலை சுத்துது, ஆட்டோல போறேன்". புறப்படும்போதே ஆட்டோவுக்கான காசைத் தனியாக எடுத்து வை, போனில் சார்ஜ் வைத்துக்கொள். வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்: எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வர வேண்டும், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, திட்டுவதென்றால் மறுநாள். அப்பா கடினம் என்றால் சித்தப்பாவோ அத்தையோ போதும்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியர் மறுபடியும்: சரி மேடம், எமனை விட்டுவிடுகிறோம். ஒரு மணி நேரம் தந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலில் பெயர் எழுதாத சீட்டில் ஒரு கேள்வி: "நீ குடித்துவிட்டு ஓட்டியதுண்டா, உன் வகுப்பில் எத்தனை பேர் அப்படி ஓட்டுவார்கள் என்று நினைக்கிறாய்?" இரண்டாவது எண் எப்போதும் பெரிதாக வரும். அந்த இடைவெளியைப் பலகையில் எழுதிக் காட்டினாலே பாதி வீராப்பு இறங்கிவிடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், நம்மில் பெரும்பாலோர் குடித்துவிட்டு ஓட்டுவதில்லை என்ற உண்மையையே விளம்பரமாக்கியது, ஓரளவு பலனும் கண்டது. நொறுங்கிய பைக்கை மட்டும் காட்டிவிட்டு விட்டால், அது நேர்மாறாக, எல்லாரும் இப்படித்தான் என்ற எண்ணத்தை விதைக்கும்.

அப்புறம் பீர் கணக்கை அவர்களையே போடச் சொல்வேன். மீதி நேரம் முழுக்க நடிப்பு. ஒருவன் சாவியோடு போதையில் நிற்கிறான், மற்றவன் அதை வாங்க வேண்டும். சண்டை இல்லாமல், அவன் மானம் போகாமல். பசங்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், தமாஷ் பண்ணியே வாங்கிவிடுவார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தன் போனில் ராத்திரி கூப்பிட ஒரு எண்ணைச் சேமிக்க வேண்டும். 108-ம் சேமிக்கட்டும். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டம் 134-ஏ பிரிவில் பாதுகாக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து நண்பனை ரோட்டில் விட்டுவிட்டு ஓடிய கதைகள் நம் பக்கத்திலேயே உண்டு.

அவரே: பெற்றோர் கூட்டத்துக்கும் வந்து பேசுவீர்களா?

வருகிறேன் சார். ஆனால் அம்மாக்களை மட்டும் உட்காரவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டுக்குப் போய் நாலு பெக் போட்டுவிட்டு, மகனைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டி வருகிற அப்பாக்கள்தான் எனக்கு வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வைத்தால் வரமாட்டார்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள்.