லோகோவைப் பெரிதாக்கச் சொல்கிறாரா?

கேள்வி: தனியாக வெப் டிசைன் செய்கிறேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு வெப்சைட் எடுத்தேன். முதல் டிசைனைக் காட்டி இரண்டு மாதம் ஆகிறது. லோகோவைப் பெரிதாக்கு, மேலே எழுத்து ஓடட்டும், கோட்டைப் படம் போடு என்று தினமும் வாட்ஸ்அப்பில் முதலாளியின் குரல் பதிவு வருகிறது. பக்கத்தில் போட வேண்டிய மேட்டர் மட்டும் வரவில்லை. "என் அக்கா பையன் இதை ஒரே ராத்திரியில் முடிப்பான்" என்றும் சொல்லிவிட்டார். நான் ஆசைப்பட்டுச் செய்த டிசைனில் எதுவுமே மிச்சமில்லை. அடுத்து ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி வேலை வருகிறது. அதுவும் இப்படித்தான் ஆகுமோ என்று பயம். விட்டுவிடட்டுமா?
- காட்பாடி வாசகி

பதில்: இப்போதைக்கு விட வேண்டாம். ஆனால் அவருக்கு எது பிடிக்கும், உங்களுக்கு எது பிடிக்கும் என்கிற பஞ்சாயத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் எப்போதும் பணம் கொடுப்பவர்தான் ஜெயிப்பார். பேச்சில் மூன்றாவதாக ஓர் ஆளைக் கொண்டுவாருங்கள்: அந்த வெப்சைட்டைத் திறக்கப்போகிறவர்.

காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அறை தேடுகிறவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், எல்லை தாண்டி வங்கதேசம். கூட ஒரு நோயாளி, கையில் ஒரு போன், ஓடும் ரயிலில் விட்டுவிட்டு வரும் சிக்னல். அவருக்குத் தெரிய வேண்டியது என்ன? நாள் வாடகை எவ்வளவு, மாதக்கணக்கில் தங்கலாமா, சமைக்க அடுப்பு உண்டா, லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா, ஆஸ்பத்திரி கேட்டுக்கு நடக்க எத்தனை நிமிஷம். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். அதனால் பாஸ்போர்ட், விசா நகல் கொண்டுவரச் சொல்லும் ஒரு வரியும் வேண்டும். போன் நம்பருக்கு முன்னால் +91 இருக்கட்டும், டாக்காவில் இருந்தும் கூப்பிடுவார்கள். இதெல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருந்தால்தான் பிரயோஜனம். மொழிபெயர்ப்பைக் கூகுளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். வரவேற்பில் உட்காரும் பையனுக்கு வங்காளம் படிக்கத் தெரிந்தால் அவரையே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் குரல் பதிவுகளைத் திரும்பக் கேளுங்கள். வயிற்று வலி என்று வருகிறவர் மாத்திரையின் பெயரையும் தானே சொல்வதைப் போலத்தான் முதலாளிகள் பேசுவார்கள். மாத்திரையை விடுங்கள், வலி எங்கே என்று கேளுங்கள். லோகோ ஏன் பெரிதாக வேண்டும்? ஒரே மாதிரிப் பெயர்ப்பலகைகள் நெருக்கியடிக்கும் தெருவில் தன் லாட்ஜைத் தவறவிட்டு வேறிடம் போய்விடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். அப்படியென்றால் கட்டடத்தின் முகப்பையும் பலகையையும் தெருவில் நின்று படமெடுத்து முதல் திரையில் போடுங்கள். ஆட்டோக்காரரிடம் நீட்டிக் காட்டினால் போதும். எழுத்து ஏன் ஓட வேண்டும்? வெந்நீர் உண்டு, ஜெனரேட்டர் உண்டு என்று சொல்ல ஆசைப்படுகிறார். ஓடும் எழுத்தைச் சின்ன போனில் துரத்திப் படிக்க முடியாது. வாடகைக்குக் கீழேயே நிற்கிற எழுத்தில் போட்டுக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார். கோட்டைப் படத்தை மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். வேலூர் என்றதும் எல்லோரும் அகழியையும் மதிலையும் போட்டுவிடுகிறார்கள். நோயாளியின் அண்ணனுக்கு அந்த நேரத்தில் அகழி எதற்கு?

உங்கள் கற்பனைக்கு இடமில்லை என்கிறீர்கள். பாருங்கம்மா, தமிழ், ஆங்கிலம், வங்காளம், இந்தி என்று நான்கு எழுத்துமுறைகள் ஒரே பக்கத்தில் சண்டை போடாமல் உட்காருவது லேசுப்பட்ட வேலையா? ஆங்கிலத்தில் பொத்தானுக்குள் அடங்குகிற சொல், தமிழில் 'முன்பதிவு செய்ய' என்று நீண்டு இரண்டாக உடையும். வங்காளத்தில் தலைக்கோடு உண்டு, தமிழில் இல்லை. ஒரே அளவு கொடுத்தாலும் ஒன்று பெரிதாகத் தெரியும். கூகுளின் இலவச நோட்டோ குடும்பத்தில் நான்குக்குமே எழுத்துரு இருக்கிறது, அதில் தொடங்கலாம். வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து அழகுதான், ஆனால் மே மாத வேலூர் வெயிலில் தெருவில் நின்று படிப்பவருக்கு அது தெரியாது. பார்வை குறைந்தவர்களுக்காக இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன, அது வெயிலிலும் உதவும்.

மேட்டர் வராமல் டிசைன் தொடங்கியதுதான் இந்த வேலையின் சிக்கல். இனி காத்திருக்காமல் நீங்களே ஒரு காலையில் நேரில் போய், வாடகைப் பட்டியலை உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். திரைச்சீலையை விலக்கிவிட்டு அறைகளைப் படமெடுங்கள். அவரே படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரம் குறைந்துதான் வரும். பழைய நோட்டீஸின் ஃபைலை டிடிபி கடையில் இருந்து வாங்கிக் கொடுத்தால், அது பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கக்கூடும், அதை அப்படியே வெப்சைட்டில் போட முடியாது. எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றியபின் ஒற்றெழுத்துகளைக் கண்ணால் சரிபாருங்கள்.

அக்கா பையன் விஷயத்துக்குக் கோபப்பட வேண்டாம். வந்தால் விலைப்பட்டியலைப் பதிவேற்றும் வேலையைக் கொடுங்கள். அதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

பணத்தை எழுத்தில் வையுங்கள். பாதி முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தொகை, சரி என்று சொல்ல ஒரே ஆள். இந்த வேலைக்கு அதெல்லாம் இல்லாமல் போனதால், இதுவரை செய்த திருத்தங்களைப் பட்டியலிட்டு, மேட்டருக்கு ஒரு தேதி குறித்து மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். தேதி தாண்டினால் செய்த வேலைக்குப் பில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். வெப்சைட்டின் முகவரியான டொமைன் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அதைப் பிடித்துவைத்துப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஆம்பூர் வேலைக்கும் இதே கேள்விதான்: திறக்கிறவர் யார்? இத்தாலியிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்திருக்கும் கொள்முதல்காரர். அவர் தேடுவது என்ன தோல், என்ன தடிமன், மாதம் எவ்வளவு தர முடியும், தோல் ஆலைகளின் சுற்றுச்சூழல் தரத்தைச் சோதிக்கும் லெதர் வொர்க்கிங் குரூப் என்ற சர்வதேச அமைப்பின் தணிக்கையில் எந்த மதிப்பீடு. கம்பெனிக்காரர்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிட்டு, முகப்பில் சுழலும் படம் கேட்பார்கள். விலை சொல்வதற்கு முன்னால் சான்றிதழ் நகல்களைக் கேளுங்கள். ஒரு வாரத்தில் வந்தால் வேலையை எடுங்கள். வராவிட்டால் முன்பணத்தைக் கூட்டிச் சொல்லுங்கள்.